கழுவிய மண்

ஊறிய மண்ணுக்குள் கையை விட்டால் எல்லம்மாவின் விரலில் முதலில் சிக்குவது முடிதான். ஆட்டு முடியோ மாட்டு முடியோ, தோல் கம்பெனித் தொட்டியில் உதிர்ந்து, ஓடைத் தண்ணீரோடு வந்து மண்ணுக்குள் படிந்த முடி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு உருண்டையைத் தூக்கி அச்சில் அறைந்து, மேல்பக்கம் வழித்து, அச்சைக் கவிழ்த்து எடுத்தால் ஒரு பச்சைக்கல். குனிந்த முதுகு நிமிராமல் அடுத்த கல். முடி போனாலும் நாற்றம் போகாது. சோறு பிசையும்போதும் கையில் அந்த நாற்றம்தான் இருக்கும்.

ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் தணிகாசலத்தின் செங்கல் சூளை. எல்லம்மா கல் அறுப்பாள். அவள் புருஷன் சம்பத் சூளைக்குத் தீ வைக்கும் மேஸ்திரி. கல்லை அடுக்குவது, விறகு வைப்பது, எந்த வாயை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது எல்லாம் அவன் பொறுப்பு. சூளைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில் இருவரும் குடியிருந்தார்கள்.

வேலை நேரத்தில் சம்பத் அவள் பக்கம் வரமாட்டான். அன்றைக்கு வந்து, அறுத்துப் போட்ட கற்களுக்கு நடுவே குந்திக்கொண்டான்.

"ஆபீஸ்ல கூப்புட்றாங்க. நீயும் வா" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"அந்த செவுரு விஷயம்தான். ஷூ கம்பெனி இன்ஜினியர் வந்துகிறாரு."

எல்லம்மா கையை அலம்பாமலே எழுந்தாள்.

சுவர் விஷயம் சூளை முழுக்கத் தெரிந்ததுதான். பக்கத்து ஷூ கம்பெனியில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். கல் தணிகாசலம் சூளையில் போனது. மார்கழி மழை விட்ட மறுநாள், ஷிஃப்ட் முடிந்து வண்டியை எடுக்கப் போன அஃப்ஸர் ஜஹான் மேல் அந்தச் சுவர் விழுந்தது. ஷூவின் மேல்தோல் தைக்கிற பெண். மிஷின் மிதிக்கிற கால்தான் நொறுங்கியது. சம்பத் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தன் கையால் சுட்ட கல் ஒரு பெண்ணின் காலை எடுத்துவிட்டதே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. "செவுரு ஒடஞ்சு வுழல அண்ணா, உதிர்ந்து வுழுந்துச்சு. என் தலையெல்லாம் வெள்ள வெள்ளயா மாவு" என்று அவள் சொன்னாளாம்.

அந்த வெள்ளை மாவை சம்பத்துக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை ஏரிப் பக்கத்து நிலத்தில்தான் மண் எடுத்தார்கள். அந்த நிலத்தைத் தணிகாசலம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் பள்ளம் தோண்டினார். மண் பார்க்கக் கறுப்பாக, வழவழப்பாக, கைக்கு அடங்கி வந்தது. சுட்டெடுத்த கல்லும் முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. ஒரு மழை பட்டுக் காய்ந்ததும் மேலெல்லாம் வெள்ளையாக உவர் பூத்து, தோல் தோலாக உரிந்தது. சம்பத் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினான். "நாக்குல வெச்சுப் பாருங்க மொதலாளி, கரிக்குது. டேனரித் தண்ணி உப்பு மண்ணுல ஏறிக்கிது. இது நெருப்புக்கு அடங்காது" என்றான். "கல்லு திங்கறதுக்கா வாங்கறாங்க? மேல பூசிட்டா ஒண்ணும் தெரியாது. நீ போய் வேலையப் பாரு" என்று தணிகாசலம் கையை உதறினார்.

இப்போது அதே தணிகாசலம், ஆபீஸ் அறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இன்ஜினியர் சாந்தகுமாரிடம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"என் மண்ணுல ஒரு குத்தமும் இல்ல சார். பாலாத்து மண்ணு. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மண்ணுதான். கல்லு வேகல. வெறக மிச்சம் புடிச்சு வெளிய வித்துட்டிருக்கான் இவன். அரவேக்காடாப் பிரிச்சு எடுத்தா உதிராம இன்னா பண்ணும்?"

சம்பத்துக்கு முகம் கறுத்தது. எத்தனையோ வருஷமாகத் தீயோடு பழகியவனை விறகுத் திருடன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மொதலாளி, அப்டி சொல்லாதீங்க" என்று மட்டும்தான் அவன் வாயில் வந்தது.

சாந்தகுமார் நடுவயதுக்காரர். சட்டைப் பையில் ஒரு சிறிய வேதாகமம் துருத்திக்கொண்டிருந்தது. யாரையும் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொன்னா எப்படிங்க முடிவு பண்றது? மண்ண டெஸ்ட் பண்ணிடலாம். வேலூர்ப் பக்கம் நான் படிச்ச காலேஜ்ல லேப் இருக்குது. மண்ணு சரி இல்லன்னா பொறுப்பு உங்களோடது, தணிகாசலம். மண்ணு நல்லா இருந்தா சூளையிலதான் தப்பு" என்றார்.

"செவுத்துல இருக்குற கல்லயே எடுத்துட்டுப் போயி பாக்கலாமே சார்" என்றான் சம்பத்.

"செவுத்துல இருக்குற உப்பு தரையிலேர்ந்து ஏறுச்சா, சிமெண்ட் கலவையிலேர்ந்து வந்துச்சான்னு கேள்வி வரும். பள்ளத்துலேர்ந்து எடுத்த மண்ணுதான் சரி."

தணிகாசலம் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "செய்யுங்க. ஆனா மண்ணு நல்லா இருக்குதுன்னு வந்துச்சுன்னா, இவன் ரூம காலி பண்ணிட்டுப் போய்டணும். அப்புறம் எந்த சூளைக்காரன் இவனச் சேக்கறான்னு நான் பாக்கறேன்" என்றார்.

சம்பத் சட்டென்று தலையை ஆட்டினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் தெளிவு வந்ததை எல்லம்மா பார்த்தாள். "மண்ண டெஸ்ட் பண்ணட்டும். ரெண்டு வருஷமா நான் அதத்தான சொல்லிட்டுகிறேன்" என்றான்.

முதலாளி ஆள் எடுத்தால் மண்ணை மாற்றிவிட்டார் என்பார்கள், சம்பத் எடுத்தால் அவன் மாற்றிவிட்டான் என்பார்கள். அதனால் எல்லம்மா தோண்டுவது, தணிகாசலத்தின் டிரைவர் பூவரசன் கூட நின்று பார்ப்பது, பிறகு இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று சாந்தகுமார் முடிவு செய்தார். ஒரு அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லம்மாவும் போட்டாள். அவர்களுக்காக யோசித்துச் செய்கிற மனுஷன் என்று அவளுக்கு அவர் மேல் மரியாதை உண்டானது.

சனிக்கிழமை காலையில் பள்ளத்தில் இறங்கி ஒரு கோணி நிறையத் தோண்டி எடுத்தாள். பூவரசன் மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். அட்டையைக் கோணியில் கட்டி, அவள் அறை வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கி காலேஜ் லீவு. திங்கக்கெழம வர்றேன் அக்கா, பஸ்ஸுல போய்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சம்பத் அன்று மதியமே ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடித்தான். அங்கே ஒரு சூளையில் மேஸ்திரி வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று போனான்.

எல்லம்மா வாசலில் உட்கார்ந்து கோணியைப் பார்த்தாள். வெயில் ஏற ஏற அதிலிருந்து நாற்றம் கிளம்பியது. பக்கத்து அறைக்காரி, "இத எட்டுக்கினு பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் எறக்கி வுட்ருவான்" என்றாள். எல்லம்மாவுக்கும் அதே யோசனைதான். காலேஜில் படித்தவர்கள் இருப்பார்கள். மேஜை மேல் கொட்டிப் பார்ப்பார்கள். முடியும் தோல் துணுக்குமாக இந்த மண் அங்கே போய் விழுந்தால், இப்படித்தான் இந்தச் சூளைக்காரர்கள் வேலை செய்கிறார்கள் போல என்று நினைக்கமாட்டார்களா? மண்ணைக் கூடச் சரியாக எடுக்கத் தெரியாதவன் தீயை எங்கே ஒழுங்காக வைத்திருக்கப் போகிறான் என்று நினைக்கமாட்டார்களா?

சூளைக்காரர்கள் வெளி ஆளுக்குப் பச்சை மண்ணை அப்படியே அள்ளிக் கொடுப்பதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் மண் கேட்டு வருவார்கள். முதல் நாளே கரைத்து, கல் பொறுக்கி, தெளிய வைத்து, வெண்ணெய்போல் பிசைந்துதான் தருவாள் எல்லம்மா. "எல்லம்மா கையால வாங்கின மண்ணு வெடிக்கறதில்ல" என்று அவர்கள் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை. சாமிக்குக் கொடுக்கிற மண்ணுக்கே அவ்வளவு பார்க்கிறவள், புருஷன் பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கிற மண்ணை எப்படி அழுக்கோடு கொடுப்பாள்?

அட்டை கட்டிய கயிற்றை அவிழ்க்காமல், கோணியின் வாயை மட்டும் பிரித்தாள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணைக் கொட்டி, குடிக்கிற தண்ணீராகப் பார்த்துக் குடம் குடமாக ஊற்றிக் கையால் கரைத்தாள். முடியும் துணுக்கும் மேலே மிதந்தன. அரித்து எறிந்தாள். கொஞ்ச நேரத்திலேயே மண் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அந்தத் தண்ணீரைச் சாய்த்து, அறை ஓரத்தில் அவள் நட்டு வைத்திருந்த முருங்கைக் கன்றுக்கு ஊற்றினாள். மறுபடியும் நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்தாள். சாயங்காலம் அதையும் முருங்கைக்கே ஊற்றினாள். கன்றின் பாத்தியில் தண்ணீர் வழிந்து வாசல் வரைக்கும் பரவியது. இரவெல்லாம் தொட்டியைப் புடவைத் துணி போட்டு மூடி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்றாவது தண்ணீர் விட்டாள். இந்தத் தடவை மண் சீக்கிரம் இறங்கவில்லை. பால்போலக் கலங்கியே நின்றது. மண் சுத்தமாகிவிட்டது, அதுதான் இப்படிப் பூப்போல மிதக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். மத்தியானம் அந்தத் தண்ணீரையும் மெல்லச் சாய்த்தாள். மண்ணைச் சாக்கின் மேல் பரப்பி வெயிலில் வைத்து, பதம் வந்ததும் பிசைந்து உருட்டிக் கோணியில் கட்டினாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாசனை மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை பூவரசன் கோணியைத் தூக்கும்போது ஒரு கணம் நின்றான். வாயைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். "இன்னா அக்கா, வெண்ண மாதிரி கீது" என்றான்.

"கழுவி வெச்சேன். அந்த நாத்தத்தோட எப்டி எடுத்துக்கினு போறது?"

பூவரசன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல வேல பண்ணிகீறீங்க" என்றான். பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்போது அவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தான். நல்ல பிள்ளை என்று எல்லம்மா நினைத்துக்கொண்டாள்.

லேபில் ஹீனா என்று ஒரு பெண் இருந்தாள். தலையில் துப்பட்டாவை இழுத்து ஊசி குத்தி, மேலே வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள். கோணியைத் திறந்து பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "எவ்ளோ நல்ல மண்ணு அக்கா. இங்க வர்றதெல்லாம் கல்லும் குப்பையுமா வரும், எங்களுக்கு ரொம்ப பேஜாரு" என்றாள். எல்லம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. பூவரசன் பாக்கு மென்றபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"இத வெச்சு இன்னா பண்ணுவீங்கம்மா?" என்று கேட்டாள் எல்லம்மா.

ஹீனாவுக்கு அப்படிக் கேட்கிறவர்களைப் பிடித்திருந்தது போலிருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இந்த மண்ணெல்லாம் இங்க பொறந்தது இல்ல அக்கா. மேல மலையில இருக்குற பாறை வெய்யில்லயும் மழையிலயும் அரிச்சு அரிச்சு, ஆறு அடிச்சுட்டு வந்து இங்க படிய வெச்சது. அதனால இதுல பல தினுசு கலந்திருக்கும். கேயோலினைட்டுன்னு ஒண்ணு, அது இருந்தா கல்லு சூட்டத் தாங்கும். இல்லைட்டு, அது சீக்கிரம் உருகிப் புடிச்சுக்கும். இன்னொண்ணு தண்ணி பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும். அது ஜாஸ்தியா இருந்தா கல்லு கோணிக்கும். மணல் கம்மியா இருந்தாலும் கஷ்டம். எது எவ்ளோன்னு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம்."

"மண்ணுக்குக் கூடவா எக்ஸ்ரே?"

"ஆமா. எலும்பு மாதிரி தெரியாது. கோடு கோடா வரும். எந்தக் கோடு எங்க நிக்குதோ, அத வெச்சு உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடலாம். அப்புறம் சின்னச் சின்னக் கட்டியா அழுத்தி, அடுப்புல விதவிதமான சூட்டுல சுட்டு, எவ்ளோ சுருங்குது, எவ்ளோ தண்ணி குடிக்குது, எவ்ளோ பாரம் தாங்குதுன்னு பாப்போம். தண்ணியில கரையற உப்பு எவ்ளோன்னும் பாப்போம்."

கடைசியாகச் சொன்னதுதான் எல்லம்மாவின் காதில் தேன்போல விழுந்தது. "அதத்தாம்மா நல்லா பாக்கணும். அந்த உப்புதான் எங்க வூட்டுக்காரர் தலையில வுழுந்துகிது" என்றாள். ஹீனா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ரிப்போர்ட் வருவதற்குள் மாசி பாதி போய்விட்டது. ஒடுகத்தூர்க்காரர்கள் சம்பத்தைப் பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். சுவர் சேதி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தணிகாசலம் அவனைச் சூளைப் பக்கம் விடவில்லை. அவன் அறை வாசலில் உட்கார்ந்து, வேறொருவன் அடுக்கிய சூளையிலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிழக்கால வாய அடைக்கணும் இப்போ. அடைக்க மாட்டேங்கறான் பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். எல்லம்மா மண்ணைக் கழுவிக் கொண்டுபோன கதையை அவனிடம் சொல்லவில்லை. மறைத்தாள் என்றில்லை. தண்ணீர் எடுத்தேன், அடுப்பு மூட்டினேன் என்று யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? முருங்கைக் கன்று இலை உதிர்த்தது. பூச்சி விழுந்திருக்கும் என்று சாம்பலைத் தூவினாள்.

சாந்தகுமார் ரிப்போர்ட்டோடு வந்த அன்று, மேஜை மேல் மூன்று சிறிய கட்டிகளையும் எடுத்து வைத்தார். ஹீனா சுட்ட கட்டிகள். நல்ல செக்கச்செவேலென்று, விளிம்பு உடையாமல் இருந்தன. தணிகாசலம் ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினார். வெண்கலக் கிண்ணம் மாதிரி சத்தம் வந்தது.

"படிங்க சார்" என்றார்.

சாந்தகுமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். கேயோலினைட்டும் இல்லைட்டும் போதுமான அளவு இருக்கிறது. உப்புகிற தினுசு கம்மி. காயும்போதும் சுடும்போதும் சுருக்கம் அளவுக்குள்தான். தண்ணீர் குடிப்பது கம்மி, பாரம் தாங்குவது ஜாஸ்தி. "செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் உகந்த, தரமான ஆற்றுப் படிவுக் களிமண்" என்று முடித்துவிட்டு, ஒரு வரியை விட்டுவிட்டது ஞாபகம் வந்ததுபோல் மறுபடியும் தாளைப் பார்த்தார். "கரையும் உப்பு, மிக மிகக் குறைவு."

"இருக்காது சார்" என்றான் சம்பத். "நாக்குல வெச்சாலே கரிக்கும் சார் அது. எப்டி சார்?"

எல்லம்மாவுக்குத் தொட்டி கண் முன்னால் வந்தது. தெளிந்து நின்ற முதல் தண்ணீர் வந்தது. உப்பு தண்ணீரில் கரையும் என்பது சமைக்கிறவளுக்குத் தெரியாதா? கல்லிலும் சுவரிலும் இருக்கிற அந்த உப்பும் சமையல் உப்பு மாதிரி ஓடிவிடும் என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போனது?

"நான் கழுவிட்டேன் சார்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாத்தம் அடிச்சுது சார். முடியும் கிடியுமா இருந்துச்சு. பஸ்ஸுல ஏத்த மாட்டாங்கன்னு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். உப்பு எல்லாம் அதுல போய்ட்டிருக்கும் சார்."

தணிகாசலம் சிரித்தார். "ரிப்போர்ட் வந்தப்புறம் கத வருது பாருங்க சார். ஏண்டா பூவரசா, நீதான கூடப் போன? மண்ணு மாத்தினாங்களா?"

பூவரசன் கதவோரம் நின்றிருந்தான். "மாத்தல மொதலாளி. அதே கோணி, அதே அட்ட. கட்டு பிரிக்கல" என்றான். எல்லம்மா அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் சொன்னதில் பொய் என்று பிடிக்க ஒரு வார்த்தைதான் இருந்தது. கழுவியதை அவனிடமே சொன்னேன் என்று அவள் சொன்னாலும் நம்ப அங்கே ஆள் இல்லை.

"எங்க ரூம் செவுத்த வந்து பாருங்க சார். இந்தப் பள்ளத்து மண்ணுல சுட்ட கல்லுதான். தெனம் காலையில வெள்ளையா பெருக்கி அள்றேன்" என்றாள் எல்லம்மா.

"அது உன் புருஷன் வேக வெக்காத கல்லு. அதான் உதுருது" என்றார் தணிகாசலம்.

சாந்தகுமார் நல்ல மனுஷன்தான். போனை எடுத்து லேபுக்குப் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தார். ஹீனாவின் குரல் தெளிவாக வந்தது. "கழுவி இருந்தா உப்பு போயிருக்கும் சார், கண்டிப்பா. நானும் மண்ணு இவ்ளோ சுத்தமா இருக்கேன்னு பாத்தேன். ஆனா எங்ககிட்ட வந்த சாம்பிளுக்குத்தான் சார் நாங்க ரிப்போர்ட் குடுக்க முடியும். புது சாம்பிள் குடுத்தா பண்ணித் தரேன். ரெண்டு பார்ட்டியும் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்." பிறகு, "அந்த அக்கா பக்கத்துல இருக்காங்களா சார்?" என்று கேட்டாள். சாந்தகுமார் அதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

"நான் போட மாட்டேன் சார்" என்றார் தணிகாசலம். "டெஸ்ட் கேட்டது நீங்க. மண்ணத் தோண்டினது அவ. ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டது எல்லாரும். வேண்டிய மாதிரி வர்ற வரைக்கும் டெஸ்ட் பண்ணுவீங்களா?"

சாந்தகுமார் தாளை மடித்து உறையில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் போட்டார். "ரிப்போர்ட் எங்க ஹெட் ஆபீஸுக்கு மெயில்ல போய்ட்டுதும்மா. மண்ணு நல்லா இருக்குதுன்னு அவங்க ஃபைல முடிச்சிட்டாங்க. இனிமே நான் திருப்பிக் கேட்டா, நானே உங்களோட சேந்துக்கினு தில்லுமுல்லு பண்றேம்பாங்க" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா கழுவின? நான்தான் அப்படியே கொண்டு போன்னு சொன்னேனே" என்றார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்லி இப்போது என்ன ஆகப் போகிறது?

தணிகாசலம் உறையை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கினார். "பூவரசா, இத ஜெராக்ஸ் எடுத்துட்டு, லேமினேஷன் பண்ணி இந்தச் செவுத்துல மாட்டு. கல்லு வாங்க வர்றவனுக்குத் தெரியட்டும், காலேஜ்ல பாத்த மண்ணுன்னு." பிறகு சம்பத்தைப் பார்க்காமலே, "சாயங்காலத்துக்குள்ள ரூம் சாவிய குடுத்துடு. புது மேஸ்திரி குடும்பத்தோட வர்றான்" என்றார்.

சம்பத் மேஜை மேல் இருந்த கட்டிகளில் ஒன்றை எடுத்தான். நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான். திருப்பிப் பார்த்தான். வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அறைக்கு வந்ததும் பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான். எல்லம்மா அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். கன்னத்தில் ஒரு அறை விட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டான்.

"எத்தினி தண்ணி ஊத்தின?"

"மூணு."

"நல்லாத்தான் கழுவிகிற" என்றான். சாக்கின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். "அந்தப் பொண்ணு சுட்டத பாத்தியா? இன்னா செவப்பு. அந்த மண்ணு எங்கிட்ட வந்திருந்தா நானும் அப்டித்தான் சுட்டிருப்பேன்."

எல்லம்மா அழுதாள். அழுதுகொண்டே பாயைச் சுருட்டினாள். விளக்குமாற்றை எடுத்து, சுவரோரம் வழக்கம்போல் உதிர்ந்து கிடந்த வெள்ளைப் பொடியைக் கூட்டினாள். அடுத்து வருகிறவள் குப்பையாக விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்லக்கூடாது.

பள்ளத்துப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. நாளைய கல்லுக்கு மண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முறத்தில் அள்ளிய பொடியைக் கொட்ட அறை ஓரத்துக்குப் போனவள், அங்கேயே நின்றாள். முருங்கைக் கன்று குச்சியாகக் காய்ந்து நின்றது. அவள் தூவிய சாம்பலைக் காற்று கொண்டுபோயிருந்தது. கன்றின் பாத்தியிலிருந்து வாசல் வரைக்கும், அவள் ஊற்றிய தண்ணீர் எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் தரை வெளேரென்று உவர் பூத்துக் கிடந்தது. பக்கத்து அறைக்காரியின் வெள்ளாடு முன்னங்காலை மடக்கி மண்டியிட்டு அதை நக்கிக்கொண்டிருந்தது.

எல்லம்மா ஆட்டை விரட்டக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஆடு நிமிர்ந்து ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து நக்கத் தொடங்கியது.